மைனஸ் பதினாலு

எட்மண்டின் டிபன் கேரியரை வாட்ச்மேன் திறந்து பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் மைன்ஸ் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் முழுக்கத் தெரிந்தது. மூன்றடுக்கு கேரியர். மேல் அடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு பருக்கை சோறு, நடு அடுக்கில் கருவாட்டுக் குழம்பின் வாசனை, அடியில் காலி. வாட்ச்மேன் ஏசுபாதம் ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அடுக்கத் தெரியாமல் அப்படியே கையில் கொடுத்தான். "கோச்சுக்காதேண்ணா. மேலேர்ந்து ஆர்டர்" என்றான். பின்னால் ஷிப்ட் முடிந்து வரிசையில் நின்ற நாற்பது பேரும் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருஷமாக அந்த கேட்டில் போய் வருகிற மனுஷன், ஒரு நட்டு, ஒரு போல்ட்டு, கை துடைக்கிற வேஸ்ட் துணிகூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். எதையாவது கொண்டுவந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று பிற்பாடு அவர் மனைவி டெய்சிக்குத் தோன்றியது.

டெய்சியும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள். பாலகாட் போகிற ரோட்டில் உள்ள அந்த கியர் பேக்டரியில் எட்மண்ட் ஸ்டோர் கீப்பர். அவள் அதே ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுகிறவள். அவர் பர்மனென்ட், அவள் ஆறு வருஷமாக டெம்பரரி. தங்க மைன்ஸ் மூடி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. லைனில் முக்கால்வாசி ஆம்பிளைகள் வேலையில்லாமல் குழாயடியில் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த காலம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் காலையில் வேலைக்குப் போகிற வீடு அந்த வரிசையில் ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்காரர் மேல் திருட்டுப் பட்டம் என்றால் பேச்சுக்குக் கேட்பானேன்?

மறுநாள் எட்மண்டுக்கு சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. நாற்பத்தொரு வகைச் சாமான்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி குறைகிறது, பத்து நாளில் விசாரணை, அதுவரை ஸ்டோர்ஸ் பக்கம் வரக்கூடாது என்று எழுதியிருந்தது. எட்மண்ட் அதை இரண்டு முறை படித்தார். மடித்து பைபிளுக்குள் வைத்தார். பிறகு கோடாலியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், போன வருஷத்திலிருந்து கிடந்த யூகலிப்டஸ் கட்டைகளை மத்தியானம் வரை பிளந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

அந்த ஸ்டோர்ஸ் நடந்த விதத்தைச் சொல்லாவிட்டால் இந்த மனுஷன் எப்படித் திருடனானார் என்பது புரியாது. சொல்லிவிடுகிறேன்.

லாரியில் சாமான் வந்து இறங்கும். இறங்கியதும் கணக்கில் ஏற்ற முடியாது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட்டால்தான் அது கம்பெனிச் சாமான். இன்ஸ்பெக்டரோ வேறொரு யூனிட்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர். அதுவரை கியர் பாக்ஸ் பூட்டுகிற அசெம்பிளி ஷாப்காரன் காத்திருப்பானா? சாயந்தரம் லாரி வந்த சத்தம் கேட்டதுமே ஃபோர்மேன் தாமோதரன் ஜன்னலில் வந்து நிற்பார். "எட்மண்டண்ணா, பேரிங் இல்லாம ரெண்டு கியர் பாக்ஸ் பொளந்துக்கினு கிடக்குது. பதினாலு குடுங்க, சீட்டு எழுதித் தரேன்" என்பார். எட்மண்ட் கொடுத்துவிடுவார். எவனையும் காக்க வைத்து அவருக்குப் பழக்கமில்லை. ராக்கில் தொங்குகிற அட்டையில் வரவு இருபது, பற்று பதினாலு என்று இரண்டையும் பென்சிலில் எழுதுவார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டபின் அதே எழுத்தின் மேல் பேனாவை ஓட்டுவார். பென்சில் என்றால் இன்னும் முடியாதது, மை என்றால் முடிந்தது. இருபத்தைந்து வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒரு வாஷர்கூடக் கணக்கில் தவறியதில்லை.

தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டாயிரம் பிறந்தால் பழைய மிஷின்கள் எல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்ததில், பெங்களூர் தலைமை ஆபீஸ் ஒரு சாஃப்ட்வேரை வாங்கி எல்லா யூனிட்டுக்கும் அனுப்பியது. கருப்புத் திரையில் பச்சை எழுத்து. டெய்சிக்கு ஒரு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். டெம்பரரி ஆளுக்குப் பாஸ்வேர்டு கொடுக்கக் கூடாது என்று ரூல் இருந்ததால், பாஸ்வேர்டு எட்மண்ட் பேரில். அவர் அந்த மிஷினைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் நின்று சீட்டைப் படிப்பார், அவள் தட்டுவாள்.

தாமோதரன் கொடுத்த சீட்டை அவள் மறுநாள் காலையில் ஏற்றுவாள். வரவு இன்னும் ஏறவில்லை, பற்று ஏறிவிட்டது. மிஷினுக்கு என்ன தெரியும்? இருப்பு மைனஸ் பதினாலு என்று காட்டும். முதல் தடவை டெய்சி திரையைத் துடைத்துப் பார்த்தாள். "இல்லாததுக்கும் கீழே எப்படிங்க பதினாலு இல்லாமப் போவும்?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல பென்சில் கிடையாது. அதான்" என்றார் எட்மண்ட். அதோடு அதை விட்டுவிட்டார்.

விடாதவர் மெட்டீரியல்ஸ் மேனேஜர் மஞ்சுநாத். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டில் வந்து கேக் சாப்பிடுகிறவர்தான். ஆனால் பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற ஜாதி. ஒரு மாதக் கடைசியில் அவள் மேஜை அருகே வந்து நின்றார்.

"நோடம்மா டெய்சி, இதைப் பாரு, ரிப்போர்ட் பூரா மைனஸ். மத்த யூனிட் ஒண்ணுலயும் இல்லியாம், நம்மதுலதான் இருக்குதாம். மானம் போவுது. அதுல அட்ஜஸ்ட்மென்ட்னு ஒரு வழி இருக்குது இல்லே? மாசம் முடியறதுக்குள்ளே எல்லாத்தையும் ஜீரோ பண்ணிடு."

"எட்மண்ட் சார்கிட்ட கேக்கட்டுமா சார்?"

"அவருக்கு இன்னா தெரியும் இதைப் பத்தி? நீ பண்ணும்மா. நான் சொல்றேன் இல்லே."

பண்ணினாள். அந்த ஒரு மாதம் மட்டும் இல்லை, பதினோரு மாதம். மைனஸ் பதினாலு இருந்தால் பதினாலு கூட்டுவாள், ஜீரோ ஆகும். மஞ்சுநாத் சிரித்த முகத்தோடு ரிப்போர்ட்டை எடுத்துப் போவார். ஜூலை மாதம் தலைமை ஆபீஸிலிருந்து ஆள் வந்து ஸ்டோர்ஸை ராக் ராக்காக எண்ணினார்கள். கம்ப்யூட்டரில் இருபது இருக்கிற இடத்தில் ராக்கில் ஆறு இருந்தது. முப்பது இருக்கிற இடத்தில் பத்தொன்பது. அப்படியே நாற்பத்தொரு வகை. இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிற சாமான் ராக்கில் இல்லை என்றால், சாவி யார் கையில் இருக்கிறதோ அவன்தானே எடுத்திருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை எட்மண்ட் சர்ச்சுக்குப் போகவில்லை. கல்யாணமான இருபது வருஷத்தில் காய்ச்சல் கண்ட நாளில்கூடப் போனவர். டெய்சி மகள் வின்னியோடு போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் திரும்பிவிட்டாள். அன்று காற்று அதிகம். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து வெள்ளை மண் கிளம்பி லைன் பூராவும் படிந்திருந்தது. காயப்போட்ட துணியை எல்லாம் மறுபடி அலச வேண்டியதாயிற்று. கை அலுத்துப் போனது. எல்லாமே அலுத்துப் போயிருந்தது அவளுக்கு.

மத்தியானம் தாமோதரன் வந்தார். ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவரைப் போல.

"பேரிங் எங்கே போச்சுன்னு கேக்கறானுங்க. எங்கே போவும்? கியர் பாக்ஸ்ல இருக்குது. கியர் பாக்ஸ் ஒரிஸ்ஸாவுல இருக்குது. போய்ப் பொளந்து பாருங்கடான்னேன்" என்றார்.

"சீட்டு இருக்குதா உன்கிட்ட?" என்று கேட்டார் எட்மண்ட்.

"சீட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னா கிழிச்சிடறதுதானேண்ணா? ஆனா வாங்குனது எல்லாம் எங்க ஷாப் நோட்டுல எழுதிக் கீது. நீங்க குடுத்தது, நான் வாங்குனது, ஒண்ணு விடாம. ஒண்ணுகூட வித்தியாசம் இல்லை."

"அப்போ நான் குடுத்தது சரி. கம்ப்யூட்டர்ல பற்று எழுதுனதும் சரி. லாரில வந்ததும் சரி. அப்பறம் எப்படிப்பா முந்நூறு குறையும்?"

தாமோதரன் டீ குடித்துவிட்டு, போகும்போது எட்மண்டின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் போனபின் எட்மண்ட் வின்னியின் ரஃப் நோட்டை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சிலால் எழுதத் தொடங்கினார். டெய்சி அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"டெய்சி. மாசக் கடைசில அந்த மைனஸ் வருமே, அதை இன்னா பண்ணுவே?"

"ஜீரோ பண்ணுவேன்."

"எப்படி?"

"எப்படின்னா? மைனஸ் பதினாலுன்னா பதினாலு கூட்டுவேன். ஜீரோ ஆயிடும்."

"அதுக்கப்பறம் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு இருபது வருமே?"

"அதையும் ஏத்துவேன். ஏத்தாம இருக்க முடியுமா?"

களித்துடுப்பைப் பிடித்த டெய்சியின் கை நின்றது. அவளாகவே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மைனஸ் பதினாலு, கூட்டல் பதினாலு, ஜீரோ. ஜீரோ கூட்டல் இருபது, இருபது. ராக்கில் ஆறு. அந்த இருபதுக்குள்ளேயே பதினாலு இருந்தது. இல்லாத பதினாலை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"ஐயோ" என்றாள் மெதுவாக. களி அடிப்பிடித்த வாசனை வந்தபிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

வெளியே வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. "நான்தாங்க உங்களைத் திருடன் ஆக்கிட்டேன். மஞ்சுநாத் சார் ஜீரோ பண்ணச் சொன்னாரு, பண்ணிட்டேன்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா இப்படி ஆவும்னு? மிஷின்ல மைனஸை விட்டிருந்தா அதுவே சரியாயிருக்கும். இன்ஸ்பெக்டர் கையெழுத்து வந்ததும் மைனஸ் பதினாலு ஆறா மாறியிருக்கும். ராக்குலயும் ஆறு. விட்டுத் தொலைக்காம போனானே அந்த ஆளு."

"நாளைக்கே போயி சொல்லிடறேன். அவரு சொல்லித்தான் பண்ணேன்னு."

"எழுதிக் குடுத்தானா?"

"வாயால சொன்னாரு."

"இல்லைன்னு சொன்னா இன்னா பண்ணுவே? சொல்லுவான். அவனுக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது." எட்மண்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இதைக் கேளு. டெம்பரரி ஆளு பர்மனென்ட் ஆளோட பாஸ்வேர்டுல உக்காந்து கணக்கை மாத்துனான்னு தெரிஞ்சா, அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பர்மனென்ட் ஆக்கற லிஸ்ட்ல அஞ்சு பேருல ஒண்ணா உன் பேரு இருக்குது. மாசக் கடைசில கையெழுத்து ஆவுது."

"அது போனாப் போவட்டும்."

"போவட்டும்னா? எனக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ். உனக்குப் பதினாறு வருஷம். வின்னி இன்னும் பி.யூ.சியே முடிக்கலை. இந்த லைன்ல உன் வயசு பொம்பளைக்கு இனிமே எவன் வேலை தருவான்? மைன்ஸ்ல லிஃப்ட் ஓட்டுனவனே ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல வெங்காயம் வித்துக்கினு கிறான்."

"அதுக்காக நீங்க திருடன்னு பேரு வாங்கிக்கினு வெளியே வரணுமா? நல்லாக் கீதே கதை."

"திருடன் இல்லை. முட்டாள்." அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். "அந்த அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் நான் பண்ணேன்னு சொல்லிடறேன். பாஸ்வேர்டு என் பேருதானே. தெரியாம ரெண்டு வாட்டி ஏத்திட்டேன், சாமான் எங்கேயும் போவலை, தாமோதரன் நோட்டைப் பாருங்கன்னு சொல்றேன். கவனக் குறைவுன்னு எழுதி ஏழு மாசம் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவாங்க. அவ்ளோதான். திருட்டு அழிஞ்சிடும், உன் ஆர்டரும் வரும்."

டெய்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிலைமையிலும். "உங்களுக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதேங்க. ஊருக்கே தெரியும்."

"அதான் சொல்றேன். கத்துக் குடு."

மறுத்தாள். ஒரு நாள் முழுக்க மறுத்தாள். அவர் எதிர்த்துப் பேசவில்லை, ரஃப் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். குழாயடிக்கு வந்தார், ரேஷன் கடைக்கு வந்தார். திங்கட்கிழமை வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மேஜையைத் துடைத்து, நாற்காலியைப் போட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

நோட்டின் நடுப்பக்கத்தில் கீபோர்டை வரைந்தாள். எந்த எழுத்து எங்கே என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் மேஜையில் விரலால் தட்டிப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எட்மண்ட் ஆள்காட்டி விரலை நீட்டினார். பேரிங் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி மரத்துப்போன விரல். ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து மறைந்தது.

"முதல்ல பேரு. அப்பறம் பாஸ்வேர்டு. அப்பறம் எஃப் ஆறு."

"எஃப் ஆறு எங்கே?"

"மேல் வரிசை. அது இல்லைங்க, அது எஃப் எட்டு. எஃப் எட்டை அமுக்குனா எல்லாம் அழிஞ்சிடும்."

"இதை யாரு இவ்ளோ கிட்டக்க வெச்சது?"

வின்னி பாயில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவள் குலுங்கிச் சிரித்தாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை. எட்மண்டும் சிரித்தார். டெய்சியால்தான் சிரிக்க முடியவில்லை. இரண்டு வருஷம் பக்கத்தில் நின்றும் இந்த மிஷினைத் தொடமாட்டேன் என்றவர், பொய் சொல்வதற்காகப் பாடம் படிக்கிறாரே என்று இருந்தது.

மூன்று சாயங்காலம் படித்தார். சாமான் நம்பர், என்டர், இருப்பைப் பார், கூட்டலா கழித்தலா, எண்ணிக்கை, என்டர். சோற்றைப் பிசையும்போது தட்டின் ஓரத்தில் விரல் தட்டிக்கொண்டிருந்தது. கட்டை அடுக்கும்போது வாய் முணுமுணுத்தது. மூன்றாம் நாள் அவள் சொல்லாமலே கடைசி வரை போனார். "இன்னா, பாஸா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. காலையிலிருந்தே தூறல். தலைமை ஆபீஸிலிருந்து நேத்ரா என்கிற பெண் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையாகப் பேசினாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டாள். அவள் பக்கத்தில் மஞ்சுநாத். கம்ப்யூட்டர் ஸ்டோர்ஸில்தான் இருந்தது என்பதால் விசாரணையும் அங்கேயே நடந்தது. தேவைப்பட்டால் பிரின்ட் எடுத்துத் தர டெய்சியைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள்.

எட்மண்ட் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தன் பொறுப்பில் இருந்த ராக்குகளை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டில் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சொன்னார். தாமோதரனின் நோட்டைக் கொடுத்தார். நேத்ரா அதைப் புரட்டிவிட்டு, கால்குலேட்டரில் ஐந்தாறு சாமான்களைத் தட்டிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"மைனஸை ப்ளஸ் பண்ணிட்டு, அப்புறம் ரசீதும் போட்டிருக்கீங்க. டபுள் ஆயிடுச்சு. சாமான் குறையலை, கணக்கு கூடிப்போச்சு. திருடுறவன் கணக்கைக் குறைப்பான், கூட்ட மாட்டான். அது எனக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயம் சார். நீங்க கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"யாரு சொன்னது?" என்றார் எட்மண்ட்.

"அப்படின்னா ஒரு அட்ஜஸ்ட்மென்ட் பண்ணிக் காட்டுங்க. சும்மா, ஒரு பேரிங். அப்புறம் நானே கேன்சல் பண்ணிடறேன்."

எட்மண்ட் எழுந்து போய் டெய்சியின் நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சுநாத் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் பெயரைத் தட்டினார். பாஸ்வேர்டு. எஃப் ஆறு, சரியாக எஃப் ஆறு. சாமான் நம்பர். பச்சை எழுத்தில் இருப்பு வந்தது. கூட்டல். ஒன்று. என்டர். ஒரு தடுமாற்றம் இல்லை. நேத்ரா பேனாவை மூடப் போனாள். மஞ்சுநாத்தின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை டெய்சி பார்த்தாள்.

என்டரை அழுத்தியதும் திரையின் அடியில் ஒரு புதுக் கட்டம் திறந்தது. காரணம், என்று ஆங்கிலத்தில் கேட்டது. காரணம் போடாமல் அந்த சாஃப்ட்வேர் எதையும் சேமிக்காது. அப்படி ஒரு கட்டம் இருப்பதையே டெய்சி சொல்லிக் கொடுக்க மறந்திருந்தாள். அவள் விரல் அதைத் தானாக அடித்துவிட்டுப் போய்விடும், அதனால் நினைவில் இல்லை. எதை அடித்தாலும் மிஷின் ஏற்றுக்கொள்ளும், ஒரு புள்ளி வைத்தால்கூடப் போதும் என்று அவருக்குத் தெரியாதே.

எட்மண்ட் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். முதல் எழுத்து. நிறுத்தம். இரண்டாவது. ஸ்டோர்ஸ் தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு எழுத்து கிடைக்காமல் விரல் கீபோர்டின் மேலே சுற்றியது, கிடைத்ததும் அழுத்தியது. ஒன்பது எழுத்து. நேத்ரா குனிந்து வாய்விட்டுப் படித்தாள்.

"மை மிஸ்டேக்."

"ஆமாம்மா" என்றார் எட்மண்ட்.

டெய்சிக்கு அதுவரை எதுவும் தாங்கும் என்றுதான் இருந்தது. பதினாறு வருஷம், வின்னியின் படிப்பு, பர்மனென்ட் ஆர்டர், எல்லாம் தலைக்குள் வரிசையாக நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த ஒன்பது எழுத்தைத் திரையில் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனை இதைத் தேடித் தேடி அடிக்க வைத்துவிட்டு அடுத்த மாதம் அதே நாற்காலியில் வந்து உட்கார முடியாது என்று தெரிந்துவிட்டது.

"அது இல்லைங்க" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். "நான் அப்படிப் போட மாட்டேன். சார் டோல்ட்னு போடுவேன்."

"டெய்சி" என்றார் எட்மண்ட்.

"லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க மேடம். அட்ஜஸ்ட்மென்ட் பூரா நான்தான் பண்ணேன். காரணம் கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச காரணம் அது ஒண்ணுதான். அதைத்தான் போட்டேன்."

நேத்ரா எழுந்து வந்து எட்மண்டை நகரச் சொல்லிவிட்டு ஏதோ அழுத்தினாள். மூலையில் பிரின்டர் கரகரவென்று இழுக்கத் தொடங்கியது. தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. பதினோரு மாதத்து அட்ஜஸ்ட்மென்ட், வரிக்கு வரி கடைசிக் கட்டத்தில் ‘சார் டோல்ட்’, ‘சார் டோல்ட்’, ‘சார் டோல்ட்’. நேத்ரா இரண்டு பக்கம் பார்த்தாள். மூன்றாவதைத் திருப்பவில்லை.

"சார் அந்த்ரெ யாரு?" என்று கன்னடத்தில் கேட்டாள். சார் என்றால் யார்?

அந்த பேக்டரியில் சார்கள் நிறைய. மஞ்சுநாத் கர்ச்சீப்பை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த சார்தான் மேடம்" என்று மஞ்சுநாத்தைக் காட்டினாள் டெய்சி.

பிறகு என்ன, எழுதினார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாமான் குறைவு இல்லை, திருட்டு இல்லை, எட்மண்ட் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். டெம்பரரி ஊழியர் விதி மீறிப் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதால் நாளையிலிருந்து வர வேண்டாம். மஞ்சுநாத்தைப் பற்றித் தனியாக எழுதி அனுப்புவதாக நேத்ரா சொன்னாள். அனுப்பினாளோ என்னவோ, அவர் அதே நாற்காலியில்தான் அதற்கப்புறமும் இருந்தார். அவள் கிளம்பும்போது டெய்சியின் கையைப் பிடித்து, "ஸாரி அக்கா, ரூல் அப்படி" என்றாள். அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள் என்று டெய்சிக்குத் தெரிந்தது. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது.

தூறல் விட்டிருந்தது. இரண்டு பேரும் ஸ்கெலட்டன் ரோட்டில் நடந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. கோபம் வந்தால் எட்மண்டின் நடை வேகமாகிவிடும். டெய்சி பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மூணு நாள் உக்காந்து படிச்சேன்" என்றார் திரும்பாமலே. "ஒரு தப்பு பண்ணேனா நான்?"

"பண்ணலைங்க."

"எஃப் எட்டை அமுக்குனேனா?"

"இல்லைங்க."

"எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு பேனாவை மூடிட்டா. அப்பறம் எதுக்கு வாயைத் திறந்தே?"

"நீங்க தேடித் தேடி அடிச்சீங்களே. அதைப் பாத்துக்கினு நிக்க முடியலைங்க என்னால."

அவர் நடை கொஞ்சம் குறைந்தது. ரோட்டோரம் ஒரு ஆட்டு மந்தை ஈரத்தோடு நின்றிருந்தது. அவள் மூச்சு வாங்கப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"ஆறு வருஷம்" என்றார் எட்மண்ட். "ஆறு வருஷம் ஒரு நாள் லீவு போடலியே நீ." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டோர்ஸ்காரனின் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது. "திங்கக்கிழமை சீட்டு எல்லாம் குமிஞ்சு கிடக்குமே. புது ஆளு எடுக்க மாட்டானுங்க. யாருடி கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க?"

டெய்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான்" என்றாள். "எல்லாம் கத்துக்கினீங்க இல்லே. மேடமே பாத்தாங்களே."

எட்மண்ட் ரோட்டிலேயே நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. வின்னி காலேஜ் விட்டு வருவதற்குள் போய்ச் சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.